நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எக்ஸ்ரேக்கா என்றுதான் பெயர். தரை துடைக்கிறவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான். நோயாளிகள் மட்டும் சிஸ்டர் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நான் நர்ஸ் இல்லைங்க, படம் எடுக்கறவ" என்று திருத்திப் பார்த்தாள். ஐந்து வருடத்தில் வாய் வலித்து, விட்டுவிட்டாள்.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் என்று ஒன்று நடந்தது, இரண்டு வருடத்தில் சத்தமில்லாமல் முடிந்தும் போனது. மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். உறவென்று சொல்லிக்கொள்ள, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு தங்கை. மற்றபடி அவளுடைய உலகம் தரைத்தளத்தின் கடைசி அறைதான். நடுவில் ஒரு நீள மேஜை, அதன் மேல் தண்டவாளத்தில் நகரும் குழாய், மூலையில் அவள் நின்று பொத்தானை அழுத்தும் சின்னத் தடுப்பறை. தடுப்பறைக்கும் மேஜைக்கும் நடுவே கதிர்களைத் தடுக்கும் ஈயக் கண்ணாடி. நோயாளியைப் படுக்க வைத்து, கையைக் காலைச் சரிசெய்து, தடுப்பறைக்குள் போய், "நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்பாள். பிறகு, "சரி, எழுந்துக்கங்க" என்பாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, இருபத்திரண்டு வருடமாக. ஒருமுறை தங்கை வீட்டில் தங்கியபோது தூக்கத்திலும் இதையே சொன்னாளாம். பக்கத்தில் படுத்திருந்த தங்கை, பயத்தில் விடியும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லையாம்.

நிலநடுக்கம் வந்த அன்று மேஜையில் படுத்திருந்தவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் பூட்டுக்காரர். அறுபதைத் தாண்டியவர். கடையைத் திறக்கும்போது ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். வலியில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. காலைக் கொஞ்சம் நகர்த்தியதற்கே பல்லைக் கடித்தார். அவள் தடுப்பறைக்குள் போனாள். வழக்கம்போல, நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க என்றாள்.

முதலில் சுவரில் மாட்டியிருந்த ஈய அங்கி ஆடியது. மேலே யாரோ சுவரைத் துளைக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு தண்டவாளத்தில் இருந்த குழாய் யாரும் தொடாமலே ஓரடி நகர்ந்தது. விளக்கு அணைந்தது. தரை ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. தடுப்பறையின் பின்னால் ஒரு குறுகிய கதவு உண்டு. பழைய சாமான்கள் அடைத்த வழியாக அது வண்டி நிறுத்தும் கொட்டகைக்குப் போகும். அந்தக் கதவைத் திறந்துகொண்டு அவள் ஓடினாள்.

பயத்தில் கால்கள் தாமாக ஓடிவிட்டன என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுண்டு. அந்தச் சமாதானம் நிற்கவில்லை. ஏனென்றால் ஓடுகிற வழியில் ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டது நன்றாக நினைவிருந்தது.

கொட்டகையில் நின்று பார்த்தபோது முன்பக்கத்துப் படிக்கட்டு சரிந்துகொண்டிருந்தது. படிக்கட்டை நோக்கி ஓடியவர்களில் மூன்று பேர் அதிலேயே போனார்கள். நடையின் கூரை இடிந்து, எக்ஸ்ரே அறையின் முன்கதவை அடைத்துவிட்டது. ஜனங்கள் அழுதார்கள், ஓடினார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எல்லாருடைய கண்ணும் கட்டிடத்தின் மேல் இருந்ததால் அவளை யாரும் கவனிக்கவில்லை. பூட்டுக்காரரை அவள் ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. மறந்திருந்தால் பிறகு சொல்லிக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். உள்ளே இருக்கிறார், எழுந்து நடக்க முடியாதவர் என்று தெரிந்துகொண்டே, ஒரு ஸ்கூட்டரின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் நின்றாள்.

அதற்குள் தீயணைப்பு ஆட்கள் வந்து நடையில் கிடந்த இடிபாட்டை அகற்ற ஆரம்பித்தார்கள். கடப்பாரை இடிக்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவை உடைத்துவிடுவார்கள். உள்ளே அவர் மட்டும் தனியாகக் கிடப்பதைப் பார்ப்பார்கள். அப்போதுதான் அவளுக்குக் கால் நகர்ந்தது. பையை ஸ்கூட்டர் மேல் வைத்துவிட்டு, வந்த வழியாகவே இருட்டில் தடவிக்கொண்டு திரும்பிப் போனாள். அவரைக் காப்பாற்றப் போனாளா, தான் ஓடிப்போனது தெரியாமல் இருக்கப் போனாளா என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் இரண்டாவதுதான் கனமாக இருந்தது.

தடுப்பறைக்குள் நுழைந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டிருந்தார். குரல் கம்மியிருந்தது.

"பூட்ட மாத்துனது நான்தாம்மா. இத யார்கிட்டயும் நான் சொன்னதில்ல."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. சில நிமிடத்தில் முன்கதவு உடைந்து வெளிச்சம் வந்தது. தீயணைப்புக்காரர்கள் பார்த்தபோது மேஜையில் நோயாளி, கண்ணாடிக்குப் பின்னால் தலை முழுக்கத் தூசியோடு எக்ஸ்ரேக்கா. பூட்டுக்காரரை ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தம்மா என்னைய விட்டுட்டுப் போகல. பயத்துல அவங்களுக்குப் பேச்சே வரல. ஆனா போகல."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்ததை, சுற்றி நின்ற முகங்களைப் பார்த்து விழுங்கிவிட்டாள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு வந்தது. காவலாளி அவளுடைய கைப்பையைக் கொண்டுவந்து கொடுத்து, கொட்டகையில் கிடந்ததாகவும், இடிபாட்டுக்கு நடுவிலும் எவனோ திருடப் பார்த்திருக்கிறான் என்றும், ஜனங்களுக்கு ஈவிரக்கமே இல்லை என்றும் புலம்பினார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

குடியிருந்த மாடியில் விரிசல் விழுந்ததால் தங்கை வீட்டுக்குப் போய்த் தங்கினாள். பகலில் ஆஸ்பத்திரி மைதானத்தில் போட்ட கூடாரத்தில் நகர்த்தும் கருவியை வைத்துப் படம் எடுத்தாள். சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்தால் கதை நடக்கும். தங்கையின் கணவருக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை, பேச்சுக்குக் கேட்கவா வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்வார். முதல் வாரம் அக்கா கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். இரண்டாம் வாரம் மேஜைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். மூன்றாம் வாரம் நோயாளியின் மேல் கவிழ்ந்து படுத்து, விழுந்த கல்லையெல்லாம் முதுகில் வாங்கிக்கொண்டாள். "அப்படியெல்லாம் இல்ல மாப்பிள்ளை" என்று அவள் சொன்னால், "அக்கா எப்பவுமே இப்படித்தான், தன்னடக்கம்" என்று வந்தவர்களிடம் கண்ணைச் சிமிட்டுவார்.

நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை பாராட்டு விழா என்று பெரிய டாக்டர் அறிவித்தார். கேடயம் உண்டு, பூட்டுக்காரரையும் சக்கர நாற்காலியில் அழைத்து வருவார்களாம். அவரை மேடையில் வைத்து, அவர் கையால் கேடயம் வாங்குவதை நினைத்ததும் ஊரை விட்டு எங்கே போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாருக்கும் பிசியோ. லீவு கிடைத்தால் முதுகில் மூட்டையோடு மலைக்குப் போய்விடுவாள். அங்கே போன் எடுக்குமா என்று எக்ஸ்ரேக்கா கேட்டாள். நாலு நாளைக்குச் சுத்தமாக எடுக்காது என்று பிசியோ அதையே ஒரு குறையாகச் சொன்னாள். அந்த ஒன்று போதுமாக இருந்தது. பிசியோ தன்னுடைய பையையும் கூடாரத்தையும் கொடுத்து, வழியைத் தாளில் வரைந்து, வார்களை இறுக்கிக் கட்டியும் விட்டாள்.

"தோள்ல தூக்காதீங்கக்கா. எடை எல்லாம் இடுப்புல உட்காரணும்."

தங்கையிடம் மனசு சரியில்லை, கொஞ்சம் தனியாக இருந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். புதன்கிழமை காலை பஸ் ஏறியபோது, இது இரண்டாவது ஓட்டம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இந்தத் தடவையும் பையை எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, உடனே கண் கலங்கியது.

பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் வனக்காவல் சாவடி. காவலர் பதிவேட்டைத் திறந்து, கூட யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பையை இறக்கச் சொல்லி, உள்ளே இருந்த எவர்சில்வர் பிளாஸ்க், கனத்த போர்வை, இரண்டு ஜோடிச் செருப்பு எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பிறகொரு நாள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். பிறகு விதிமுறைகளைச் சொன்னார். நெருப்பு மூட்டக்கூடாது. பாதையை விட்டு இறங்கக்கூடாது.

"மேல பனி மூட்டம் வந்துட்டா நடக்காதீங்க. இருக்கற இடத்துலயே உட்காருங்க. விலகற வரைக்கும் அசையக்கூடாது."

சரி என்றாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதல் நாள் ஏற்றம் அவளைக் கொன்றது. ஐம்பது அடி நடந்து நின்றாள், முப்பது அடி நடந்து நின்றாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். முழங்காலை அவள் எத்தனையோ பேருக்குப் படம் எடுத்திருக்கிறாள். உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததாலேயே ஒவ்வொரு வலிக்கும் ஒரு பெயர் கிடைத்தது. சாயங்காலம் ஓடைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து, ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தாள். நான்கு வாரமாக எந்தக் கூரைக்கடியிலும் அவளுக்குத் தூக்கம் ஒழுங்காக வந்ததில்லை. அங்கே, ஒரு துணிக்கடியில், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

இரண்டாம் நாள் ஏற்றம் குறைந்தது. மரங்கள் விலகி புல்வெளி வந்தது. கால் தனக்கென்று ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டது. தூரத்தில் ஒரு மேட்டுக்குப் பின்னால் இன்னொரு மேடு, அதற்குப் பின்னால் நீலமாக இன்னும் இரண்டு. வெகு நேரம் கழித்துத்தான் தான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடப்பது அவளுக்கு உறைத்தது. சட்டென்று நின்றுவிட்டாள். காலையில் எழுந்ததிலிருந்து ஒரு தடவைகூட இறந்த மூன்று பேரை நினைக்கவில்லை. பூட்டுக்காரரை நினைக்கவில்லை. நன்றாகத் தூங்கி, நன்றாகப் பசித்து, நல்ல காற்றில் பாடிக்கொண்டு போகிறாள். யாரோ பின்னாலிருந்து பார்த்துவிட்டது போல அவளுக்குக் கூசியது. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு நடந்தாள். ஆனாலும் மலை நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. முகட்டின் ஓரமாகப் போகும் பாதையில், பத்து மணிவாக்கில், பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. ஐந்து நிமிடத்தில் தன்னுடைய கையே தெரியவில்லை. ஒரு பாறையை ஒட்டி உட்கார்ந்து, மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டாள். ஊரில் விழா தொடங்கியிருக்கும் நேரம்.

முதல் அரை மணி நேரம் தைரியமாகத்தான் இருந்தாள். பிறகு குளிர் எலும்புக்குள் இறங்கியது. எழுந்து நடந்துவிடலாமா என்று கால் துறுதுறுத்தது. எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் பாதை என்று தெரியாது. எங்கோ கல் உருண்டது. "யாருங்க?" என்றாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "யாராவது இருக்கீங்களா?" என்றாள். யாரும் இல்லை என்று தெரிந்துதான் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியே பேச ஆரம்பித்தாள். முதலில் குளிரைப் பற்றி, கொப்புளத்தைப் பற்றி. பிறகு பூட்டுக்காரரிடம். ஆடிய அங்கியிலிருந்து தொடங்கி, கைப்பை, ஸ்கூட்டர் இருக்கை, கடப்பாரைச் சத்தம் என்று ஒன்று விடாமல் சத்தமாகச் சொன்னாள். பனிக்குள் அவளுடைய குரல் இரண்டடிக்கு மேல் போகவில்லை. சொல்லி முடித்ததும், யாராவது ஒரு 'ம்' சொன்னால்கூடப் போதும் என்று இருந்தது.

அவரும் இப்படித்தான் பேசியிருப்பார். இருக்கீங்களா சிஸ்டர் என்று எத்தனை தடவை கேட்டாரோ. கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று நம்பி, கடைசியில் மனசைத் திறந்திருக்கிறார். இத்தனை நாளாக, ஓடிவிட்டோம் என்பதைத்தான் அவள் குற்றமாக நினைத்திருந்தாள். அவர் பேசிய இருபத்தைந்து நிமிடம் அவளுடைய கணக்கிலேயே வரவில்லை. அவள் மழைக்கோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

பனி விலக மத்தியானம் ஆனது. மரத்துப்போன காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்து, பிசியோ தாளில் குறித்திருந்த ஓய்வுக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் மலையின் அந்தப் பக்கம் இறங்கியபோது போன் உயிர் பெற்றது. முப்பத்தொரு செய்தி. முதல் படத்தில், கேடயத்தைக் கையில் ஏந்தி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு தங்கையின் கணவர். அவருக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் பூட்டுக்காரர், கூட்டத்தில் யாரையோ தேடுகிற முகத்தோடு.

தங்கை வீட்டுக்குப் போகாமல் நேராகப் பூட்டுக்காரர் வீட்டுக்குப் போனாள். முதுகில் பை, கால்சட்டை முழுக்கச் சேறு. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, விழாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, "பயந்தாம்மா. யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க" என்றார்.

"பையை எடுத்துக்கிட்டுத்தாங்க ஓடுனேன்."

அவர் கையை ஊன்றி நிமிரப் பார்த்தார்.

"அப்ப நான் யார்கிட்ட பேசுனேன்?"

தான் பேசியதில் அவள் எவ்வளவு கேட்டாள் என்று விசாரித்தார். பூட்டை மாற்றியது என்ற ஒரு வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு ஆளுக்காவது தெரியும்னு நெனச்சு ஒரு மாசமா நிம்மதியா தூங்குனேன். அதையும் எடுத்துக்கிட்டீங்க."

இப்போது சொன்னால் கேட்கிறேன் என்றாள். இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லை, போய்விட்டு வாருங்கள் என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று கேள்விப்பட்டிருந்தாள். தெருவில் இறங்கி நடந்தபோது முதுகிலிருந்த பை மலை ஏறிய நாளைவிடக் கனத்தது.

திங்கட்கிழமை பெரிய டாக்டரிடமும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று உயிர் போயிருக்கிறது, ஊருக்கு ஆறுதலாக இருப்பது இந்த ஒரு செய்திதான், அதையும் கெடுக்க வேண்டாம் என்றார். தங்கையிடம் சொன்னாள். தங்கை அவளைக் கட்டிக்கொண்டு, அதிர்ச்சியில் இப்படியெல்லாம் தோன்றும் என்றாள். தங்கையின் கணவர் கேடயத்தைக் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில் வைத்துவிட்டு, அதற்கென்று ஒரு குட்டி விளக்கும் மாட்டியிருந்தார். எவ்வளவுதான் சொன்னாலும் கதையில் தன்னடக்கம் என்ற புது அத்தியாயம் சேர்ந்ததுதான் மிச்சம்.

இரண்டு மாதம் கழித்து பிசியோ ஒரு தகவல் கொண்டுவந்தாள். பூட்டுக்காரர் நடைத்தாங்கி பிடித்து நடக்கிறார், கடையைத் திறந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை அக்காவை வரச் சொன்னார்.

போனாள். ஒருவர் உட்காரவும் ஒருவர் நிற்கவும் மட்டும் இடமுள்ள கடை. சுவர் முழுக்க ஆணிகளில் வெட்டாத சாவிகள். ஒரு பெட்டியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒரு சாவியை இடுக்கியில் மாட்டி அரத்தால் அராவிக்கொண்டே, அவள் பக்கம் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மகனோடு சண்டை. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, கடைக்கு வரமாட்டேன் என்றான். அன்று மத்தியானம் வீட்டுக் கதவின் பூட்டைத் தன் கையாலேயே மாற்றினார். சாயங்காலம் மகன் வந்தான். அவர் உள்ளே, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சாவி நுழைகிற சத்தம் கேட்டது. சாவி திரும்பவில்லை. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான். தட்டியிருந்தால் திறந்திருப்பார். அவன் தட்டவில்லை. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. பிறகு அவன் வரவே இல்லை. பூட்டு கெட்டுப்போயிருந்தது என்றுதான் அவர் மனைவியிடம் சொன்னார். மனைவியும் சாகும்வரை அதை நம்பினாள்.

நடுவில் இரண்டு பேர் சாவி வெட்ட வந்தார்கள். அவர் பேச்சை நிறுத்தி, வெட்டிக் கொடுத்து, அவர்கள் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் பெட்டி மேல் உட்கார்ந்தபடி கேட்டாள். அவர் நிறுத்தும் இடங்களில் 'ம்' என்று மட்டும் சொன்னாள்.

முடிந்ததும் மகனின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, இன்னும் கூப்பிடவில்லை என்றார். அவள் எழுந்தாள். தயங்கி, தன்னை அவர் மன்னிப்பாரா என்று கேட்டாள்.

"அத நான் இன்னும் யோசிக்கலம்மா" என்றார் அவர், கோபம் எதுவும் இல்லாமல். "யோசிச்சா சொல்றேன்."

எக்ஸ்ரேக்கா இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை, சொந்தமாக வாங்கிய பையோடு, தனியாக மலைக்குப் போகிறாள். இப்போது எங்கே போகிறாள் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். அங்கே பாட்டு வந்தால் பாடுகிறாள், பிறகு சங்கடப்படுகிறாள். இரண்டும் நடக்கின்றன. ஊரில் யாராவது அந்தக் கதையைப் புகழ ஆரம்பித்தால் நடந்ததைச் சொல்கிறாள், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பூட்டுக்காரர் கடைக்குப் போகிறாள். அவளை நல்லவள் என்று நினைக்காத ஒரே மனிதர் அவர்தான். அங்கே மட்டும் அவளுக்கு எதையும் மறுக்க வேண்டியதில்லை. போன வாரம் அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதியிருந்த மகனின் நம்பரை நீட்டி, எழுத்து சின்னதாக இருக்கிறது, கொஞ்சம் அழுத்திக் கொடுங்கள் என்றார். அவள் அழுத்தி, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போகட்டுமா என்று சைகையில் கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.